வார்மின்ட் ரைஃபிள்: அதிகம் சுடுபவர்களுக்கான பராமரிப்பும் தேய்ந்த பாகங்களை மாற்றும் முறையும்

மான் வேட்டைக்கு எடுத்துச் செல்லப்படும் ரைஃபிள் ஒரு பருவம் முழுவதிலும் இருபது தோட்டாக்களைக்கூடச் சுடாமல் உறைக்குத் திரும்பிவிடலாம். விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் பாழாக்கும் சிறு விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகப் பயன்படும் வார்மின்ட் ரைஃபிளின் நிலை முற்றிலும் வேறானது. அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் பிரெய்ரி நாய் எனப்படும் கொறித்துண்ணிகளைச் சுடுபவர்கள் ஒரே நாளில் சில நூறு தோட்டாக்களைச் செலவழிப்பது வழக்கம். சாதாரண வேட்டைத் துப்பாக்கி பல ஆண்டுகளில் காணும் தேய்மானத்தை இந்த ரைஃபிள் ஒரே வாரத்தில் கண்டுவிடுகிறது. ஆகவே அதைப் பேணும் முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாக இத்துறைக்கு வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றுதான். துல்லியம் குறைந்த உடனே பாகம் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். முதலில் தளர்வைப் பாருங்கள், அடுத்து அழுக்கைப் பாருங்கள், தேய்மானத்தைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். குழல் போய்விட்டது என்று கழற்றி எறியப்படும் குழல்களில் பலவற்றுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு முழுமையான சுத்திகரிப்பு மட்டுமே. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் பணமும் மிஞ்சும், நல்ல பாகங்களும் வீணாகாது.

வேலையைத் தொடங்கும் முன்

தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி, குழலின் பின்புறத்தைப் பூட்டும் உருளையான போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் குழியான சேம்பர் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை செய்யும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. அவற்றை வேறு அறையில் வைப்பது நல்லது. இறுக்கப்பட்ட ஸ்பிரிங்குகள் கண்ணை நோக்கித் தெறிக்கக்கூடும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குழலில் படியும் கசடில் ஈயம் இருக்கும், கரைப்பான்களின் ஆவி நுரையீரலுக்குக் கேடு செய்யும். ஆகையால் காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து வேலை செய்து, முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் தரும் அளவுகளும் கையேட்டின் அளவுகளும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

குழலைத் தேய்ப்பது எது

குண்டு உராய்ந்து போவதால்தான் குழல் தேய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உராய்வுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும் உண்மையான எதிரி வெப்பம். தோட்டாவில் எரியும் வெடிமருந்தின் வாயு எஃகின் உருகுநிலையையும் விஞ்சிய வெப்பத்தில், மிகுந்த அழுத்தத்தோடு, ஓரிரு மில்லி நொடிகள் குழலின் உட்சுவரைத் தாக்குகிறது. அத்தாக்குதல் மிகக் கடுமையாக விழும் இடம், சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் தொண்டைப் பகுதி. அங்கே எஃகின் மேற்பரப்பு ஒவ்வொரு முறையும் சூடேறிக் குளிர்ந்து, கடினமாகி, நுண்ணிய விரிசல்கள் விட்டு, காய்ந்த ஏரிப்படுகையின் சேறு போல வெடித்துக் காணப்படும். விரிசல்களின் ஓரங்கள் உடைந்து உதிர உதிர, வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம் சிறிது சிறிதாகக் குழல் வாயை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது.

எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதே குழலின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் ஆகிய இரண்டு தோட்டா வகைகளும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் செலுத்துகின்றன. ஆனால் .22-250 அதே துளையின் வழியாக ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மருந்தை எரித்துத் தள்ளுகிறது. அதன் 55 கிரெய்ன் (ஏறத்தாழ 3.6 கிராம்) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,120 மீட்டர் வேகத்தில் கிளம்ப, .223-இன் அதே எடையுள்ள குண்டு 990 மீட்டர் அளவில் கிளம்புகிறது. அந்த வேறுபாட்டுக்கான விலையைத் தொண்டைப் பகுதிதான் கொடுக்கிறது. பொதுவாக .223 குழல் நான்காயிரம், ஐந்தாயிரம் தோட்டாக்கள் வரை நல்ல துல்லியத்தோடு உழைக்கும்; .22-250 குழலை அவசரமாகச் சுட்டால் ஆயிரத்து ஐந்நூறு தோட்டாக்களிலேயே களைத்துப்போகக்கூடும், பொறுமையாகச் சுட்டால் அதன் இரு மடங்கும் தாங்கலாம். 1935-இல் அறிமுகமான .220 ஸ்விஃப்ட் தோட்டா குழலைத் தின்பது என்று பெயரெடுத்ததற்கும் வேகமே காரணம். நாள் முழுவதும் சுட வேண்டியிருப்பவர்களுக்கு .223-ஐத்தான் நான் பரிந்துரைப்பேன். தொலைவுக்கு வேண்டிய வேகமான ரைஃபிளை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் எடுப்பதே விவேகம்.

சுடும் பழக்கம் தோட்டாவுக்கு இணையாக முக்கியமானது. பத்துத் தோட்டாக்களை ஒரே நிமிடத்தில் சுடுவதும், அதே பத்தை இருபது நிமிடங்களில் சுடுவதும் குழலுக்கு ஒன்றல்ல. குழலைக் கையால் பற்றிச் சில நொடிகள் வைத்திருக்க முடியவில்லை என்றால், போல்ட்டைத் திறந்து வைத்து அது ஆறும்வரை காத்திருங்கள். இரண்டு மூன்று ரைஃபிள்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்குக் காரணமும் இதுவே. சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டு இலக்குக்காகக் காத்திருப்பது கூடாது. மருந்து சூடேறி அழுத்தம் உயரும், குண்டு விழும் இடமும் மாறிவிடும்.

சுத்தம் செய்யும் முறை

சுடுவதால் கெடும் குழல்களைப் போலவே தவறாகச் சுத்தம் செய்வதால் கெடும் குழல்களும் உண்டு. அதனால் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

உங்களுக்குத் தேவையானவை ஒரே துண்டாலான, பூச்சுப் பூசிய துப்புரவுக் கோல், உங்கள் குழலின் விட்டத்துக்கு ஏற்ற வெண்கலப் பிரஷ், நைலான் பிரஷ், துணித் துண்டைத் தாங்கும் முனை, பருத்தித் துணித் துண்டுகள், கார்பனுக்கும் செம்புக்கும் தனித்தனிக் கரைப்பான், இவற்றோடு போர் கைடு எனப்படும் வழிகாட்டிக் குழாய். போல்ட்டின் இடத்தில் பொருந்தும் அந்தக் குழாய் கோலை நடுவில் நிறுத்தி, தொண்டைப் பகுதியில் உரசாமல் காக்கும். கரைப்பான் டிரிகருக்குள் வழிவதையும் தடுக்கும். இது இல்லாமல் கோலைச் செலுத்துவதைவிடச் சுத்தம் செய்யாமல் விடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ரைஃபிளின் குழல் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் வையுங்கள். போல்ட்டைக் கழற்றி, வழிகாட்டிக் குழாயைப் பொருத்தி, கார்பன் கரைப்பானில் நனைத்த துணியைச் சேம்பர் பக்கத்திலிருந்து குழல் வாய் நோக்கித் தள்ளுங்கள். துணி வெளியே வந்ததும் அதை எடுத்துவிட்டுக் கோலை மெதுவாகத் திரும்ப இழுங்கள்; அழுக்கேறிய துணியை மறுபடி உள்ளே இழுக்கக் கூடாது. இரண்டு மூன்று துணிகளுக்குப் பிறகு கரைப்பானில் நனைத்த வெண்கலப் பிரஷைப் பத்து முறை போகவரச் செலுத்துங்கள். பிரஷ் குழல் வாயைத் தாண்டி முழுவதும் வெளியே வந்த பின்பே திசையை மாற்ற வேண்டும். அதன் பிறகு பத்து நிமிடம் ஊற விட்டு, மீண்டும் துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்தது செம்பு. வேகமான குண்டுகளின் மேலுறையிலிருந்து உரிந்து படியும் செம்பு, அம்மோனியா கலந்த கரைப்பானில் கரைந்து துணியில் நீலப்பச்சை நிறமாக வெளிவரும். இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷை மட்டுமே பயன்படுத்துங்கள்; வெண்கலப் பிரஷும் பித்தளை முனையும் தாமே கரைந்து அதே நிறத்தைக் காட்டி, முடியாத வேலை போல உங்களை ஏமாற்றும். அம்மோனியா வகைகளை டப்பாவில் குறித்த நேரத்துக்கு மேல் குழலில் விடக் கூடாது, இரவு முழுவதும் ஊறவிடவே கூடாது. ஒரு கரைப்பானை முழுவதும் துடைத்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது கார்பன் வளையத்தை. சேம்பரின் கழுத்துக்கு முன்னால், தோட்டாவின் பித்தளை உறையின் வாய் முடியும் இடத்தில், கார்பன் கெட்டியாக இறுகி ஒரு வளையமாகப் படியும். அது வளர்ந்தால் உறையின் வாய் விரியவும் குண்டு விடுபடவும் இடமில்லாமல் அழுத்தம் ஏறும். போல்ட் கனமாகத் தூக்கப்படும், உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்கள் தட்டையாகும், துல்லியமும் சிதறும். அடையாளங்கள் அனைத்தும் தேய்ந்த குழலுடையவை போலவே தோன்றுவதால்தான் நல்ல குழல்கள் இதனால் தண்டிக்கப்படுகின்றன. போர்ஸ்கோப் என்னும் சிறு கேமராவால் பார்த்தால் ஐயம் தீரும். கரைப்பானில் நனைத்த, சற்றுப் பெரிய நைலான் பிரஷை அந்த இடத்தில் வைத்துச் சுழற்றுவதும், அதற்கும் அசையாதபோது மென்மையான தேய்ப்புப் பசையைத் துணியில் தடவி அந்த இடத்தில் மட்டும் சில முறை தேய்ப்பதும் பலன் தரும். கார்பன் ஆறி இறுகுவதற்குள், சுட்ட அன்றே கரைப்பானில் நனைத்த துணியை ஒருமுறை செலுத்திவிட்டால் இந்த வேலை பாதியாகிவிடும்.

சேமித்து வைப்பதற்காகக் குழலில் எண்ணெய் தடவியிருந்தால், சுடும் முன் உலர்ந்த துணிகளால் குழலையும் சேம்பரையும் முழுவதும் துடைத்தெடுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் உறை சுவரைப் பற்றாமல் பின்னோக்கி வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் சுமையைக் கூட்டும். நன்கு சுத்தம் செய்த குழலின் முதல் இரண்டு மூன்று குண்டுகள் சற்று விலகி விழுவது இயல்பு. அதைக் கண்டு கலங்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் திருத்தாதீர்கள்.

துல்லியம் குறைந்தால்

இலக்கில் ஐந்து குண்டுகள் விழும் கொத்து வழக்கத்தைவிட விரிந்துவிட்டது என்றால், முதலில் தோட்டாவைப் பாருங்கள். புதிய தொகுதித் தோட்டாவுக்கு மாறியிருந்தால் பழைய தொகுதியில் மிஞ்சியதைச் சுட்டுப் பாருங்கள். அடுத்து திருகுகள். ரைஃபிளின் உலோகப் பகுதியைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள், ஸ்கோப்பின் அடித்தளத் திருகுகள், வளையத் திருகுகள் ஆகிய அனைத்தையும் முறுக்குவிசை காட்டும் திருப்புளியால் சோதியுங்கள். அலுமினியத் தூண் பொருத்திய கட்டைகளில் முதல் வகைத் திருகுகளுக்கு ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டரும், ஸ்கோப் வளையங்களுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவும் பரவலாகச் சொல்லப்படும் இறுக்கம். வண்டியில் நாள் முழுவதும் குலுங்கும் ரைஃபிளில் இவை தளர்வது மிகச் சாதாரணம்.

திருகுகள் சரியாக இருந்தால், நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். அதன்பின் குழல் வாயின் விளிம்பைச் சோதியுங்கள்: ஒரு பருத்திப் பஞ்சை உள்ளிருந்து வெளியே விளிம்பின் மேல் சுற்றிலும் இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் இழை சிக்கிக்கொள்ளும். குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அதுவே என்பதால், அங்கே ஒரு சிறு காயம்கூட வாயுவை ஒருபுறமாகப் பீறிடச் செய்து குண்டைச் சாய்த்துவிடும். அதைத் திருத்துவது துப்பாக்கி மெக்கானிக்குக் கடைசல் இயந்திரத்தில் எளிய வேலை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பாருங்கள். ஸ்கோப்பையும் தோட்டாவையும் திருகையும் ஒன்றாக மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த முறை அதே குறை வரும்போது மீண்டும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

போல்ட்டுக்குள் தேய்பவை

போல்ட்டில் மாற்ற வேண்டியவை பெரும்பாலும் மலிவானவை, அவற்றில் பலவற்றை வீட்டிலேயே மாற்றலாம். முதலாவது, பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங். ஆயிரக்கணக்கான முறை அமுங்கி விரியும் இந்த ஸ்பிரிங் வலுவிழந்தால், பிரைமரில் விழும் அடி மெலியும்; சில தோட்டாக்கள் வெடிக்காது, வெடிப்பவையும் ஒரே சீராக எரியாமல் கொத்து மேலும் கீழுமாக நீளும். ஸ்பிரிங்கை மாற்றும் முன் போல்ட்டைப் பிரித்து உட்புறத்தைச் சுத்தம் செய்து உலர்த்திப் பாருங்கள். குளிரில் இறுகிய பழைய கிரீஸும் இதே கோளாறைத் தரும். சுத்தம் செய்த பின்னும் அடி மெலிவாகவே இருந்தால், பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகிவிட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போடும் ஆசை வேண்டாம், உங்கள் மாதிரிக்கு உரியதே போதும்.

ஃபயரிங் பின்னின் முனை வழவழப்பான அரைக்கோளமாக இருக்க வேண்டும். பிரைமர் துளைபட்டு வாயு பின்னோக்கிப் பீறிட்டிருந்தால் முனையில் குழிகள் அரிக்கப்பட்டிருக்கும். குழி விழுந்த முனை அடுத்த பிரைமரையும் துளைக்கும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் புதிய பின்னைப் போடுங்கள்.

சுட்ட உறை சேம்பரிலேயே தங்கிவிட்டால், அதைப் பற்றி இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். அதன் நகம் மழுங்கியிருக்கலாம் அல்லது அதற்கு அடியில் பித்தளைத் துகள் அடைத்திருக்கலாம். உறை வெளியே வந்தும் தெறித்து விழாமல் போல்ட்டிலேயே தொங்கினால், குறை அதை வெளியே தள்ளும் எஜெக்டரின் சிறு ஸ்பிரிங்கில் இருக்கும். எஜெக்டர் முள்ளை ஒரு கம்பியால் அழுத்தி விடுங்கள். துள்ளி மேலே வர வேண்டும். சோம்பலாக எழுந்தால் முதலில் கரைப்பான், பிறகுதான் புதிய ஸ்பிரிங். போல்ட்டைப் பூட்டும் புடைப்புகளான காதுகளின் பின்புறத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு எப்போதும் இருக்க வேண்டும். உலர்ந்து உரசினால் உலோகம் உலோகத்தைப் பிய்த்தெடுக்கும், அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

ஓநாய் இன கயோட்டி வேட்டையில் பரவலாகப் பயன்படும் ஏஆர்-15 வகைத் தானேற்றி ரைஃபிள்களில் போல்ட்டின் மூன்று வாயு வளையங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போல்ட்டை முன்னுக்கு இழுத்து, அதைத் தாங்கும் பாகமான கேரியரை அதன் போல்ட் முனையின் மேல் நிறுத்துங்கள். தன் எடையாலேயே கேரியர் கீழே சரிந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றும்போதே எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுவது நல்லது. போல்ட்டின் காதுகளிலோ போல்ட்டைச் சுழலச் செய்யும் கேம் பின்னின் துளையைச் சுற்றியோ மயிரிழை விரிசல் தென்பட்டால் முழுப் போல்ட்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

தோட்டா வெடிக்காதபோது அவசரமாகப் போல்ட்டைத் திறக்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாக்கள் உண்டு. சுடும் ஓசை வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் அத்துடன் நிறுத்தி, குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடர வேண்டும்.

டிரிகரைப் பொறுத்தவரை நான் சொல்வது குறைவு: எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும். படிவு விடாமல் ஆவியாகும் கரைப்பானால் அலசி உலர விடுவது போதும். அதன் உள்மூலைகளைத் தேய்ப்பதும் இழுவிசையை அளவு மீறிக் குறைப்பதும் தற்செயலாகச் சுடச் செய்யும். தேய்ந்த டிரிகரை முழுத் தொகுப்பாக மாற்றுவதே முறை.

குழலை மாற்றும் காலம்

தோட்டா எண்ணிக்கையை வைத்து மட்டும் குழலின் சாவை அறிவிக்க முடியாது. புதிய குழலில் குண்டு வரிப்பள்ளத்தைத் தொடும் நீளத்தை அதற்குரிய அளவுகோலால் அளந்து எழுதிவையுங்கள். ஐந்நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை அதே குண்டால் மீண்டும் அளந்தால், தொண்டைப் பகுதி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது எண்ணாகத் தெரியும். நன்கு சுத்தம் செய்தும், திருகும் ஸ்கோப்பும் தோட்டாவும் சோதித்தும், கொத்தில் ஓரிரு குண்டுகள் காரணமின்றி விலகிக்கொண்டே இருந்தால் குழலின் காலம் முடிந்துவருகிறது. வெளிப்புறம் பளபளப்பாக இருப்பதும், வாய்ப்பக்கம் வரிகள் கூர்மையாகத் தெரிவதும் எதையும் நிரூபிக்காது. தேய்மானம் மறுமுனையில் இருக்கிறது.

கனமான குழலாக இருந்தால் சேம்பர் பக்கத்தில் ஓர் அங்குல அளவு வெட்டி, புதிதாகச் சேம்பர் கடைந்து, மேலும் சில காலம் ஓட்டலாம். கூலியையும் கிடைக்கும் ஆயுளையும் எடைபோட்டால் பெரும்பாலும் புதிய குழலே லாபம். 1958 முதல் விற்பனையில் உள்ள சாவேஜ் 110 போன்ற, பூட்டு நட்டு கொண்ட ரைஃபிள்களில் குழலை வீட்டிலேயே மாற்றுபவர்கள் பலர். ஆயினும் ஹெட்ஸ்பேஸ் எனப்படும், போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக அமைப்பது உயிரோடு தொடர்புள்ள வேலை. இதைச் சோதிக்கும் இரு அளவுகோல்களில் கோ அளவுகோலின் மேல் போல்ட் தடையின்றி மூட வேண்டும், நோ-கோ அளவுகோலின் மேல் மூடக் கூடாது. முதல் முறை இதை ஒரு தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பல நாடுகளில் குழலும் போல்ட்டும் உரிமம் தேவைப்படும் பாகங்கள். சிலவற்றில் மாற்றிய குழலை அரசு அங்கீகரித்த நிலையத்தில் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். வாங்கும் முன்பே உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேட்டறியுங்கள்.

புதிய குழலைத் தேர்ந்தெடுக்கும்போது வரிப்பள்ளத்தின் முறுக்கு வீதத்தைக் கவனியுங்கள். பழைய .22-250 குழல்களில் பரவலாக இருந்த 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 55 கிரெய்ன் அளவுள்ள இலேசான குண்டுகளுக்கு ஏற்றது. நீளமான கனத்த குண்டுகளை நிலைப்படுத்த 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். சுடும் பருவம் தொடங்கும் முன்பே குழலை வாங்கி வைப்பது நல்லது, ஏனென்றால் நல்ல குழல்களுக்கும் நல்ல மெக்கானிக்குகளுக்கும் காத்திருப்பு நீளமாக இருக்கும்.

பொருத்தி வந்ததும் குழலைத் துடைத்து, முதலில் 25 மீட்டரில் சுட்டு ஸ்கோப்பை ஓரளவு சரிசெய்து, பிறகு 100 மீட்டரில் நுணுக்கமாக நேர்செய்யுங்கள். முதல் சில உறைகளையும் பிரைமர்களையும் வெளிச்சத்தில் பார்த்து, உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சிடும் வளையமோ விரிசலோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவை இருந்தால் ரைஃபிளை உடனே மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் தொண்டைப் பகுதியின் அளவு, பொருத்திய தேதி, சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, பழைய குழலின் கணக்கை அதற்கு மேல் ஒரு கோடிட்டு முடித்துவிடுங்கள்.